பகலில் தடை, இரவில் வீட்டுப்பாடம்: பள்ளியும் செல்போனும்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். நீங்கள் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். "மாணவர்கள் பள்ளிக்குச் செல்போன் கொண்டுவரக் கூடாது" என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வரப்போகிறது. கூட்டத்தில் பாதிப் பேர் ஒரேயடியாகத் தடை வேண்டும் என்கிறார்கள். மீதிப் பேர் காலத்துக்கு ஒத்துவராத பேச்சு என்கிறார்கள். ஆஸ்திரேலியா மாதிரி 16 வயதுக்குக் கீழே சோஷியல் மீடியாவே கூடாது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் வேறு இன்ஸ்டாகிராம் கேட்கிறாள். என்ன பேசுவது, என்ன முடிவெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தீர்மானத்துக்குக் கை தூக்குங்கள். ஆனால் அந்த ஒரு வரியோடு விட்டுவிடாதீர்கள். வகுப்பறைக்குள் போன் வேண்டாம் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. என் கவலை வேறு. காலையில் வாசலில் போனைத் தடுக்கிற அதே பள்ளிதான், இரவு எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் வீட்டுப்பாடத்தைப் போட்டு, அதே பிள்ளையின் கையில் போனைக் கொடுக்கிறது. இதைத் தொடாமல் போடுகிற தீர்மானம் பிள்ளைகளுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது.

முதலில் வகுப்பறையைப் பேசுவோம். நான் அரசுப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் மடியில் போனை வைத்துக்கொண்டால் கெடுவது அவன் மட்டும் இல்லை. பக்கத்தில் இருப்பவன் எட்டிப் பார்க்கிறான், முன்னால் இருப்பவன் திரும்புகிறான். காரணிப்படுத்தும் கணக்கில் இரண்டாவது வரியில் கவனம் போனால் ஐந்தாவது வரி எங்கிருந்து வந்தது என்றே புரியாது. வீட்டில் சொல்லித்தர ஆள் இருக்கிற, டியூஷன் போகிற பிள்ளை மாலையில் அதைச் சரிசெய்துகொள்ளும். வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளைக்கு அந்த நாற்பது நிமிஷம்தான் கணக்கு. அதை விட்டால் வேறு வழி கிடையாது.

இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வும் இதைத்தான் காட்டியது. லண்டன், மான்செஸ்டர், பர்மிங்காம், லெஸ்டர் ஆகிய நான்கு நகரங்களின் பள்ளிகளில், போனுக்குத் தடை வருவதற்கு முன்னும் பின்னும் மாணவர்கள் வாங்கிய மதிப்பெண்களை இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒப்பிட்டார்கள். 2015இல் முடிவு வெளியானது. தடைக்குப் பிறகு மதிப்பெண் கூடியது, அதில் பெரும்பங்கு படிப்பில் பின்தங்கியிருந்த பிள்ளைகளுக்குப் போனது. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளிடம் மாற்றம் எதுவும் தெரியவில்லை. பின்னால் ஸ்வீடனில் இதே மாதிரி பார்த்தபோது மதிப்பெண்ணில் வித்தியாசம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே "போனைத் தடுத்தால் ரிசல்ட் ஏறும்" என்று கூட்டத்தில் யாராவது அடித்துப் பேசினால் நம்பிவிடாதீர்கள். பின்தங்கிய பிள்ளைக்கு வகுப்பு நேரத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான் காரணம். எனக்கு அதுவே போதுமானதாகப் படுகிறது.

உலகம் போகிற திசையும் இதுதான். பிரான்ஸ் 2018இலேயே தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் சட்டம் போட்டுத் தடுத்தது. பிரேசில் 2025 ஜனவரியில் சட்டம் கொண்டுவந்தது. வகுப்பு நேரத்தில் போன் கூடாது என்று தென்கொரியா அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டம் நிறைவேற்றியது. நம் ஊரில் சி.பி.எஸ்.இ. 2009லேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது. "காலத்துக்கு ஒத்துவராத பேச்சு" என்பவர்களுக்கு இந்தப் பட்டியல் போதும்.

தடைக்கு ஆதரவாகப் பேசுபவர்கள் அடுத்து ஒன்று சொல்வார்கள்: போன் இல்லாவிட்டால் பிள்ளைகளின் மனசு நன்றாக இருக்கும், தூக்கம் வரும், எரிச்சல் குறையும். இங்கேதான் நிதானம் வேண்டும். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தினர் 30 பள்ளிகளில் 1,227 மாணவர்களைப் பார்த்தார்கள். அதில் போனைக் கட்டுப்படுத்திய பள்ளிகளும் உண்டு, விட்டுவிட்ட பள்ளிகளும் உண்டு. 2025 பிப்ரவரியில் வெளியான முடிவு: இரண்டு வகைப் பள்ளி மாணவர்களின் மனநலத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. அதே சமயம், போனிலும் சோஷியல் மீடியாவிலும் கூடுதல் நேரம் செலவழித்த பிள்ளைகளிடம் மனநலம், தூக்கம், படிப்பு, நடத்தை எல்லாமே மோசமாக இருந்தன. இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். பள்ளி நேரத்தில் மட்டும் தடுப்பதால் ஒரு பிள்ளை மொத்தமாகப் போனில் இருக்கிற நேரம் குறைந்துவிடுவதில்லை. பகலில் விட்டதை இரவில் பிடித்துவிடுகிறார்கள்.

அந்த இரவு நம் வீடுகளில் எப்படிப் போகிறது? இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய் எடுக்கிற ஏசர் ஆய்வு 2024இல் 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் போனைப் பற்றிக் கேட்டது. பத்தில் ஒன்பது வீடுகளில் ஸ்மார்ட்போன் இருக்கிறது. பிள்ளைகளில் 82 சதவீதம் பேருக்கு அதைப் பயன்படுத்தத் தெரியும். முந்தைய ஒரு வாரத்தில் படிப்பு சம்பந்தமாகப் போனைத் தொட்டவர்கள் சுமார் 57 சதவீதம், சோஷியல் மீடியாவுக்காகத் தொட்டவர்கள் சுமார் 76 சதவீதம். போன் பயன்படுத்தத் தெரிந்த பையன்களில் 36 சதவீதம் பேருக்குச் சொந்தப் போன் இருந்தது, பெண்களில் 27 சதவீதம் பேருக்குத்தான். மற்ற எல்லோரும் அப்பா, அம்மா, அண்ணன் போனைத்தான் பிடுங்கிப் பார்க்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீடு. அம்மா மில்லில் ஷிப்ட் முடிந்து ஏழரைக்கு வருகிறார். வீட்டிலேயே ஒரே டச் போன் அவருடையதுதான், பகலெல்லாம் அவர் பையில் இருக்கும். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் மூத்தவள் போனை வாங்கிவிடுவாள், பத்தாம் வகுப்பு குரூப்பில் அறிவியல் நோட்ஸ் வந்திருக்கும். கரும்பலகையைச் சாய்வாக எடுத்த நான்கு படங்கள், பாதி எழுத்து வெளிச்சத்தில் மறைந்திருக்கும். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி நோட்டில் எழுதுவாள். ஏழாம் வகுப்புத் தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்து "எப்போ தருவ, எப்போ தருவ" என்று கேட்டுக்கொண்டிருப்பான். அவனுக்கும் குரூப்பில் ஏதோ வந்திருக்கிறதாம். ஒன்பது மணிக்கு அவன் கைக்குப் போகிற போன் ஒன்பது ஐந்துக்கு ரீல்ஸில் இருக்கும். அம்மா கேட்டால் "ஹோம்வொர்க் பார்க்கிறேன்" என்பான். அது பொய் என்று அவரால் சொல்ல முடியாது, ஏனென்றால் ஹோம்வொர்க்கும் அதில்தானே இருக்கிறது. பள்ளியே ஒரு காரணத்தைக் கையில் கொடுத்துவிட்டால் எந்தத் தாயால் போனைப் பிடுங்க முடியும்?

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று நமக்கெல்லாம் தெரியும். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. நடுவில் பெரிய வகுப்புகள் மட்டும் கொஞ்ச நாள் நடந்தன. ஒன்று முதல் எட்டு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பரில்தான் பள்ளிக்குத் திரும்பினார்கள். அந்த ஒன்றரை வருஷமும் கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப் குரூப்பும்தான் பள்ளி. நானும் அப்படித்தான் நடத்தினேன், வேறு வழி இருக்கவில்லை. பள்ளி திறந்த பிறகும் குரூப்பை மூட யாருக்கும் தோன்றவில்லை. வகுப்பில் முடிக்க முடியாத பாடத்தைக் குரூப்பில் தள்ளிவிடுவது ஆசிரியருக்கும் சுலபமாகப் போய்விட்டது. பாவம், ஆசிரியர்களையும் குறை சொல்ல முடியாது. வருகைப்பதிவில் தொடங்கி அவர்களுடைய வேலையும் ஆப்பில்தான் நடக்கிறது, மேலிடத்துத் தகவல் வருவதும் குரூப்பில்தான். ஆனால் பிள்ளையின் இரவு நேரம் இதற்கு விலையாகப் போகிறது.

ஆகவே உங்கள் தீர்மானத்தில் நான் சேர்க்கச் சொல்லும் முதல் வரி இது: வீட்டுப்பாடம், நோட்ஸ், செய்முறை ஏடு எதுவும் போன் வழியாக வரக் கூடாது. வகுப்பிலேயே டைரியில் எழுதிக்கொடுக்க வேண்டும். குரூப் பெற்றோருக்காக இருக்கட்டும், மழை விடுமுறை, கூட்டம், தேர்வுத் தேதி மாதிரி தகவலுக்கு மட்டும். மாலை ஆறு மணிக்கு மேல் அதிலும் ஒன்றும் வரக் கூடாது. பாடப்புத்தகத்தில் க்யூ.ஆர். கோடு இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், நல்ல விஷயம்தான். அந்த வீடியோவைப் பள்ளியின் ஸ்மார்ட் போர்டிலோ கணினி ஆய்வகத்திலோ வகுப்போடு போட்டுக் காட்டட்டும். இதற்குச் செலவு எதுவும் இல்லை, தலைமையாசிரியரும் ஆசிரியர்களும் சம்மதித்தால் அடுத்த திங்கட்கிழமையே தொடங்கலாம்.

அடுத்தது பறிமுதல். கூட்டத்தில் அதிகம் கொதிக்கப்போவது இந்த விஷயமாகத்தான் இருக்கும். "பிடிபட்டால் திருப்பித் தரவே கூடாது" என்று ஒருவர் எழுந்து சொல்வார், கைதட்டலும் கிடைக்கும். ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒன்பதாயிரம் ரூபாய் போனை மாதத் தவணையில் வாங்கிய சுமை தூக்கும் தொழிலாளி ஒருவர், தலைமையாசிரியர் அறை வாசலில் சட்டைப் பையில் தவணை ரசீதை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அது அவருடைய போன். பையன் கேட்காமல் எடுத்துவந்துவிட்டான். அன்று அவருக்கு வேலைக்குக் கூப்பிட வேண்டியவர்கள் கூப்பிட்டும் ஆள் கிடைக்கவில்லை, ஒரு நாள் கூலி போயிற்று. தண்டனை யாருக்குப் போய்ச் சேர்ந்தது? அன்றே, பெற்றோர் கையில், கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட வேண்டும். அதைவிட முக்கியமாக, பிடித்த போனைத் திறந்து பார்க்கிற உரிமை எந்த ஆசிரியருக்கும் கிடையாது. கேலரியைத் திறப்பது, மெசேஜைப் படித்து மற்ற ஆசிரியர்களிடம் காட்டுவது எல்லாம் நடக்கிறது. ஒரு பெண் பிள்ளையின் போனில் அப்படிச் செய்தால் அவள் அடுத்த நாள் பள்ளிக்கே வராமல் போகலாம். இதை எழுத்தில் போடுங்கள்.

முழுத் தடை என்றாலும் பஸ்ஸில் வருகிற பிள்ளைகளை மறக்கக் கூடாது. சிறப்பு வகுப்பு முடிந்து கடைசி டவுன் பஸ்ஸுக்கு நிற்கும் பதினொன்றாம் வகுப்புப் பெண், பஸ் வராவிட்டால் யாரைக் கூப்பிடுவாள்? டெல்லி உயர் நீதிமன்றம் 2025 தொடக்கத்தில் ஒரு கேந்திரிய வித்யாலயா மாணவர் சம்பந்தப்பட்ட வழக்கில் இதைப் பற்றி விரிவாகச் சொன்னது. பள்ளிக்குப் போனே கொண்டுவரக் கூடாது என்ற முழுத் தடை விரும்பத்தக்கதும் இல்லை, நடைமுறைக்கு ஒத்துவருவதும் இல்லை. வகுப்பில் பயன்படுத்தக் கூடாது, படமோ வீடியோவோ எடுக்கக் கூடாது, முடிந்த இடத்தில் பள்ளிக்கு வந்ததும் ஒப்படைத்துவிட்டுப் போகும்போது வாங்கிக்கொள்ளலாம், பெற்றோரையும் ஆசிரியர்களையும் கலந்து விதி செய்ய வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பு நம் பள்ளியைக் கட்டாயப்படுத்தாது, ஆனாலும் நியாயமான வழி அதுதான். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பெற்றோர் கடிதம் வாங்கிக்கொண்டு பட்டன் போனை அனுமதிக்கலாம். காலையில் அலுவலகத்தில் எண் ஒட்டிய பையில் போட்டுவிட்டு மாலையில் வாங்கிக்கொள்ளட்டும். கூடவே, பள்ளி அலுவலகத் தொலைபேசியை எந்தப் பிள்ளையும் கேட்டதும் பயன்படுத்தலாம் என்று இருக்க வேண்டும். அது இல்லாத பள்ளியில்தான் பிள்ளைகள் போனை ஒளித்துக் கொண்டுவருகிறார்கள்.

இனி சோஷியல் மீடியா. தென் மாவட்டங்களில் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். யூனிஃபார்மோடு பைக்கில் சாய்ந்து எடுத்த ரீல்ஸ், பின்னால் ஒரு ஜாதிப் பாட்டு, கையில் அந்த ஜாதியின் நிறத்தில் ஒரு கயிறு, ஸ்டேட்டஸில் ஒரு தலைவர் படம். இதைக் கெத்து என்கிறார்கள். எதிர்த் தரப்புப் பையன் பதிலுக்கு ஒன்று போடுவான். காலையில் பள்ளிக்கு வரும்போது சண்டை முக்கால்வாசி முடிந்திருக்கும், அடி மட்டும்தான் பாக்கி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவரைக் கூடப் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. நிறக் கயிறுகளைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. கயிற்றை வாசலில் அவிழ்க்கச் சொல்லலாம், ஸ்டேட்டஸை யார் அவிழ்ப்பது? வாசலில் பையைச் சோதிப்பதால் இது தீராது. வகுப்பாசிரியர் ஒவ்வொரு பையனையும் பெயர் சொல்லித் தெரிந்துவைத்து, எவன் எவனோடு பேசுவதை நிறுத்தினான் என்று கவனித்து, சண்டை ஸ்டேட்டஸில் தொடங்கும் வாரத்திலேயே கூப்பிட்டுப் பேச வேண்டும். ஐம்பது அறுபது பேர் வகுப்பில் இது கடினம். ஆனால் இதற்கு மாற்று கிடையாது.

இதே இடத்தில் பெரியவர்களுக்கும் ஒரு விதி வேண்டும். பிள்ளைகளை ஆடவைத்து, பாடவைத்து, மழலையாகப் பேசவைத்து ஆசிரியர்களே சொந்த இன்ஸ்டாகிராம் கணக்கில் போடுவது பெருகிவிட்டது. நல்ல எண்ணத்தில்தான் போடுகிறார்கள். ஆனால் தப்பாக வாசித்த பிள்ளையின் வீடியோவுக்குக் கீழே ஊர் பேர் தெரியாதவர்கள் எழுதும் கேலியை அந்தப் பிள்ளை வளர்ந்து படிக்கும். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையின் முகமும் யாருடைய கணக்கிலும் வரக் கூடாது என்று தீர்மானத்தில் சேருங்கள். பிள்ளைகளை ரீல்ஸ் போடாதே என்று சொல்வதற்கு அதன் பிறகுதான் நமக்கு வாய் இருக்கும்.

ஆஸ்திரேலியா பற்றிக் கேட்டீர்கள். அந்தச் சட்டம் 2024 நவம்பரில் நிறைவேறி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக், ஸ்னாப்சாட், எக்ஸ், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்க முடியாது. மீறினால் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை, நிறுவனத்துக்குத்தான் அபராதம், 4 கோடியே 95 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும் போகலாம். நம் கூட்டங்களில் இந்த முக்கியமான பகுதியை யாரும் சொல்வதில்லை. பிள்ளை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கும்படி செய்து வைத்தவன் பொறுப்பேற்கட்டும் என்கிறது அந்தச் சட்டம். ஒரு பள்ளி மேலாண்மைக் குழு அதைச் செய்ய முடியாது. இந்தியாவில் 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோரின் சம்மதத்தைக் கட்டாயமாக்குகிறது, பிள்ளைகளைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டுவதையும் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முழு அமலுக்கு ஒன்றரை வருஷ அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்று, ஆஸ்திரேலியத் தடையில் வாட்ஸ்அப் கிடையாது. நம் பிள்ளைகளின் சண்டையும் கேலியும் பெரும்பாலும் நடப்பது அதில்தான்.

தடை என்ற பேச்சு வந்தாலே நம் ஊரில் அது முதலில் இறங்குவது பெண் பிள்ளை தலையில். இதுதான் எனக்குப் பெரிய பயம். கேரளத்தில் ஒரு கல்லூரி விடுதியில் மாணவிகள் மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை போன் வைத்திருக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். ஏற்க மறுத்த மாணவியை விடுதியைவிட்டு வெளியேற்றினார்கள். 2019இல் கேரள உயர் நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது, இணையம் கிடைப்பது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்றது. அது கல்லூரி, வயது வந்தவர்கள். பள்ளிக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் அந்த மனநிலை பள்ளியிலும் உண்டு. எவனோ ஃபேக் ஐடியில் ஒரு பெண்ணின் படத்தை மாற்றிப் போட்டு மிரட்டுகிறான் என்று வையுங்கள். அவள் ஏன் வீட்டில் சொல்வதில்லை? சொன்னால் போன் போகும், அடுத்து படிப்பு போகும், அதற்கடுத்து மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். மிரட்டுகிறவனுக்கும் அது தெரியும். அவனுடைய பலமே அதுதான்.

ஆகவே பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும்: தப்பு நடந்தால் புகார் சொன்ன பிள்ளைக்குத் தண்டனை கிடையாது. 1098 குழந்தைகள் உதவி எண், 14417 நம் கல்வித் துறையின் உதவி எண். படத்தை வைத்து மிரட்டினால் பணமோ இன்னொரு படமோ அனுப்பக் கூடாது, சாட் மெசேஜ்களை அழிக்கக் கூடாது, அதுதான் சாட்சி. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் அந்தரங்கப் படங்களை இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்றவற்றில் பரவாமல் தடுக்க "டேக் இட் டவுன்" என்று இலவச சேவை ஒன்று இருக்கிறது. படத்தை அதில் ஏற்ற வேண்டியதில்லை. போனிலேயே படத்துக்கு ஓர் அடையாளக் குறியீடு உருவாகி அது மட்டும்தான் போகும். பிள்ளையின் ஆபாசப் படத்தைப் பரப்புவது போக்சோவிலும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவிலும் குற்றம். "ஃபார்வர்டுதானே பண்ணினேன்" என்கிற பையனுக்கும் அது பொருந்தும் என்பதைப் பையன்களின் வகுப்பிலும் சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகளை மட்டும் தனியாகக் கூப்பிட்டு ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லி அனுப்புவது போதாது.

வீட்டு நேரத்துக்கு ஓர் ஊரின் உதாரணம் சொல்கிறேன். மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோஹித்யாஞ்சே வட்காவ் என்ற கிராமத்தில் 2022இலிருந்து தினமும் இரவு ஏழு மணிக்குச் சைரன் ஊதுகிறார்கள். எட்டரை வரை டி.வி.யும் போனும் அணைந்திருக்க வேண்டும், பெரியவர்களுடையதும்தான். பிள்ளைகள் அந்த நேரத்தில் படிக்கிறார்கள். அந்த முடிவை ஊரே கூடி எடுத்தது. உங்கள் ஊரில் சைரன் வேண்டாம், குழுவிலுள்ள பெற்றோர் வீடுகளில் மட்டும் ஒரு மணி நேரம் தொடங்கிப் பாருங்கள். அப்பா சீரியலோ கிரிக்கெட்டோ பார்த்துக்கொண்டு பிள்ளையைப் படி என்றால் நடக்காது.

கடைசியாக உங்கள் மகள். இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கக் குறைந்த வயது 13. எட்டாம் வகுப்பில் சிலர் அதைத் தொட்டிருப்பார்கள், சிலர் தொட்டிருக்க மாட்டார்கள். 13 ஆகவில்லை என்றால் வயதை மாற்றிப் போட விடாதீர்கள். 18 தாண்டியவள் என்று பொய்யான வயதைக் கொடுத்தால் வயதில் பெரியவளாகக் கணக்கில் பதிந்துவிடும், பிள்ளைகளுக்கென்று வைத்திருக்கும் பாதுகாப்பு ஒன்றும் அவளுக்குக் கிடைக்காது. 13 ஆகிவிட்டாலும் நான் பத்தாம் வகுப்பு முடியட்டும் என்றுதான் சொல்வேன். அதுவரை உங்கள் போனில், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து யூடியூப் பார்க்கட்டும். முடியவே முடியாது, தோழிகள் எல்லோரும் இருக்கிறார்கள் என்று அழுதால், உண்மையான பிறந்த தேதியோடு தொடங்கிக் கொடுங்கள். பதின்வயதுக் கணக்கு என்று தானாகவே பிரைவேட்டாக இருக்கும், 16 வயதுவரை அதை மாற்ற உங்கள் அனுமதி வேண்டும். இரவு ஒன்பதுக்கு மேல் போன் உங்கள் அறையில் சார்ஜ் ஏறட்டும். "உனக்கு அதில் என்ன நடந்தாலும் முதலில் என்னிடம் சொல், போனைப் பிடுங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். சொன்ன பிறகு, அவள் ஏதாவது வந்து சொல்கிற அன்றைக்கு, பிடுங்காமல் இருங்கள்.